நீர்த்தேக்கத்தின் மேல் நீ பேசாதிருந்த நேரம்

மஞ்சக்குட்டை, ஏர்க்காடு
நளித் (கார்த்திகைத்) திங்கள், திருவள்ளுவர் ஆண்டு 2056
புதன்கிழமை, முற்பகல்

நெஞ்சிற்கினிய கவிப்பிரியாவுக்கு,

நீயும், சிட்னியில் உனக்கு இடம் தந்து பேணும் உன் அக்கா பவித்ராவின் குடும்பமும் நலம் குன்றாதிருக்க விழைகிறேன். இங்கே நானும் நம் மகள் சௌமியாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மன அமைதியைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு மட்டுமே உறுதி கூற இயலும்.

ஞாயிறு மாலை நீ அனுப்பிய குரற்பதிவு வந்து சேர்ந்தது. “ஏனுங்க, போதுமுங்க. நொம்பக் களைப்பா இருக்குதுங்க. எல்லாத்தையும் வுட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்துரட்டுங்களா?” இவ்வளவே. இரண்டு ஆண்டுப் பயிற்சி முடிந்து, வானூர்தி ஓட்டும் வானோடி உரிமத் தேர்வு கைக்கெட்டும் தொலைவில் நிற்கும்போது இப்படியொரு கேள்வி. மூன்று நாளாக நான் விடை கூறவில்லை. கடிதம் எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வருகிறேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம்; பேசினால் நான் வென்றுவிடுவேன், அதுதான் இடர். மேடைப் பேச்சில் அவையோரை அசைத்தே பழகிவிட்ட தொண்டை இது. வா என்று இது முழங்கினால் நீ வந்துவிடுவாய். இரு என்று முழங்கினால் இருந்துவிடுவாய். உன் வாழ்வை என் தொண்டை முடிவு செய்தல் முறையாகாது. எனவே தாளை எடுத்தேன்.

எடுத்தேனே தவிர, ஓரிடத்தில் அமர முடியவில்லை. மேலுள்ள பத்தியை எழுதி முடிப்பதற்குள் பல முறை எழுந்து களத்துக்குப் போய், காயும் காப்பிக் கொட்டையைப் பார்த்துவந்தேன். கரடியூர்ப் பக்கம் மேகம் கறுக்கிறது என்று அள்ளச் சொன்னேன். வெளிச்சம் வந்தவுடன் பரப்பச் சொன்னேன். மறுபடியும் அள்ளச் சொன்னேன். கொட்டச்சேட்டிலிருந்து காப்பி பறிக்க வரும் குப்பாயி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க சாமி, மழ வருதா வல்லியான்னு மொதல்ல ஒரு முடிவுக்கு வாங்க. எங்க இடுப்பு என்ன ரப்பருங்களா?” என்று கேட்டுவிட்டாள். தாளைத் தேடி உள்ளே வந்துவிட்டேன். என்னை மூன்று நாளாக அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கவிப்பிரியா, நீ களைப்பு என்றாய். களைப்பில்லை என்பதை நான் அறிவேன். எவ்வாறு அறிந்தேன் என்று சொன்னால் நீ சினப்பாய், சினந்துகொள். வானோடிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தாரும் பேசிக்கொள்வதை உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கத் தரும் செயலி ஒன்று இருப்பதாகப் பவித்ராவின் கணவர் ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். அன்று முதல், நீ பறக்கும் நாள்களில் என் காது உன் வானத்தில் இருந்தது. உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீ எனக்காகப் பேசத் தொடங்குவாய் என்று அஞ்சினேன். அங்கே உனக்கு உன் பெயர் இல்லை, நீ ஓட்டும் ஊர்தியின் எழுத்துகளே பெயர். ஊர்தி நாளுக்கு நாள் மாறும். குரல் மாறாதே. நூறு குரல்களுக்கு நடுவில் ஒன்று சேலத்து ஆங்கிலம் பேசும்போது எனக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

கடந்த ஞாயிறு காலை ஒண்டிக்கடைச் சந்திப்பில் மகளிர் கூட்டம். ‘விண்ணும் பெண்ணும்’ என்பது தலைப்பு. கூட்ட ஏற்பாட்டாளர் வெங்கடாசலம் என்னிடம் கேட்டு வாங்கிய தலைப்பு அது. மலையெங்கும் சுவரொட்டியில் என் படத்துக்கு அருகே வானூர்தி ஒன்றை வேறு அச்சிட்டிருந்தார். மேடையில் வரவேற்புரை நீண்டுகொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டின் மறைவில் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ அந்த நீர்த்தேக்கத்தின் மேல் வந்துவிட்டதை அறிவித்தாய். அந்த இடத்தைப் பற்றி முன்பே எனக்கு விளக்கியிருக்கிறாய். பெருநகரின் மேலே மாபெரும் வானூர்திகளுக்கென்று ஒதுக்கிய அடுக்கு, கீழே கண்ணுக்கெட்டிய வரை வீடுகள், இரண்டுக்கும் நடுவே எஞ்சிய இடுக்கில் சிற்றூர்திகள். மேகத்துள் பறப்போருக்குக் கருவி வழிகாட்டும். உனக்கோ கண்ணே வழிகாட்டி. நீர்த்தேக்கம் வானத்திலிருந்து எளிதில் தெரியும் என்பதால், திரும்பி வரும் ஊர்திகள் எல்லாம் அதன் மேல் வந்தே வருகையை அறிவிக்கின்றன. எளிதில் தெரிவதால் எல்லாரும் அங்கே கூடுகிறார்கள். எல்லாரும் கூடுவதால் அதுவே இடர் மிக்க இடமாகிறது. இதை நீ தொலைபேசியில் விளக்கியபோது நம் இல்லத்தில் அமர்ந்து காப்பி பருகிக்கொண்டிருந்த உன் அண்ணன் தனபால், “பனியில நானு வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுத்தானுங்க ஜீப்ப ஏத்தறேன். மேல ஹாரன் இருக்குதுங்களா மாப்ள?” என்று என்னைக் கேட்டார். அன்று நாம் எல்லாரும் சிரித்தோம்.

கோபுரத்திலிருந்த அலுவலர் உன்னை அழைத்தார். உன் முன்னே அதே உயரத்தில் ஓர் ஊர்தி வருவதாகவும், அது கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் கேட்டார். நீ விடையளிக்கவில்லை. மீண்டும் அழைத்தார். விடையில்லை. மூன்றாம் முறை அவர் குரல் ஏறியது. பேச்சைத் தொழிலாகக் கொண்டவன் நான்; ஒரு மனிதன் கூட்டத்துக்காகக் குரலை ஏற்றுவதற்கும் அச்சத்தால் அது தானாக ஏறுவதற்கும் வேறுபாடு அறிவேன். அந்த வேளை பார்த்து இணைப்பு அறுந்தது.

நான் எழுந்தேன். மேடையின் பின்புறம் இறங்குவதற்குப் படி இருந்தது. அது நினைவுக்கு வரவில்லை. முன்பக்கமாகக் குதித்து, மகளிர் நடுவே புகுந்து ஓடினேன். ஒலிபெருக்கியில் வெங்கடாசலம், “ஐயா கோவிச்சுக்காதீங்கய்யா! அடுத்தது நீங்கதானுங்கய்யா! அந்தப் பெரிய துண்டு உங்களுக்குத்தானுங்கய்யா வெச்சிருக்கறோம்!” என்று கூவினார். நான் வெளிநடப்புச் செய்வதாக நினைத்து யாரோ கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த குப்பாயி, “பொம்பளைங்க வானத்துல பறக்கோணும்னு பேச வந்த மனுசன், செருப்பக்கூட வுட்டுப்போட்டு ஓடறாரு பாருங்கடி” என்றாளாம். சாலையில் ஜீப்பை நிறுத்தியிருந்த தனபாலின் அருகில் ஏறி அமர்ந்தேன். “எங்கீங்க மாப்ள போகோணும்?” என்று கேட்டார். சிட்னிக்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

இணைப்பு மீண்டபோது நீ அலைவரிசையில் இல்லை. வேறு யார் யாரோ பேசினார்கள். நானும் தனபாலும் அந்த ஜீப்பில் அமர்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். பிறகு பவித்ரா செய்தி அனுப்பினார், நீ தரையிறங்கி இல்லம் வந்துகொண்டிருப்பதாக. மாலையில் உன் குரற்பதிவு வந்தது. களைப்பு என்றாய்.

மறுநாள் பவித்ராவை நச்சரித்து முழுவதையும் அறிந்தேன். அவரைக் கடிந்துகொள்ளாதே. முன்கண்ணாடியில் நகர்ந்து செல்லும் ஊர்தியால் கேடில்லை. அசையாமல் ஒரே இடத்தில் நின்று பெருத்துக்கொண்டே வருவதுதான் மோத வருவது என்பார்களாமே. உன் கண்ணாடியில் அப்படியொன்று நின்றது. அதை ஓட்டியவர் உயரம் தவறி வந்தவர். பிழை உன்னுடையது அன்று. நீ முதலில் ஊர்தியைத் திருப்பினாய். திருப்பிய பின் அவரைக் கண்ணால் தேடினாய். கண்ட பிறகே வாய் திறந்தாய். அதுவே சரியான வரிசை என்று உன் பயிற்றுநர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினாராம். அவர் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே உன் கைகள் நடுங்கத் தொடங்கி, நெடுநேரம் நிற்கவில்லையாம்.

அந்த உரையாடலின் பதிவு செயலியில் கிடைத்தது. எத்தனை முறை கேட்டேன் என்பது வேண்டாம். மூன்று அழைப்புக்குப் பின் உன் குரல் வருகிறது. அவரைப் பார்த்துவிட்டேன், அவர் எனக்குப் பின்னால் கடந்து போகிறார் என்கிறாய். கடை வைத்திருப்பவள் மீதிச் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல் அவ்வளவு இயல்பாகச் சொல்கிறாய். என் வாழ்நாளில் நான் கேட்ட சிறந்த பேச்சு அது. நானாக இருந்திருந்தால் முதல் அழைப்புக்கே விடை சொல்லத் தொடங்கி, சொல்லி முடிப்பதற்குள் மோதியிருப்பேன்.

பவித்ரா இன்னொன்றும் சொன்னார். உறங்கப் போகுமுன் நீ அழுதாயாம். “ஊருக்குப் போயிரலாம்னு இருக்குதுக்கா. ஆனா அவரு மேடை மேடையா என்னயப் பத்திப் பேசி வெச்சிருக்கறாரே, எந்த மொகத்த வெச்சுக்கிட்டுப் போறது?” என்று கேட்டாயாம்.

இதைக் கேட்டது முதல்தான் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஏனென்றால், நீ வந்துவிட வேண்டும் என்று இந்த இரண்டு ஆண்டும் என் உள்ளம் ஒவ்வொரு நாளும் விரும்பியது. மேடையில் நின்று பெண்ணே ஏறு என்று முழங்கிவிட்டு, இல்லம் திரும்பிச் சோற்றுப் பானையைத் திறக்கும்போது நீ இல்லாததை எண்ணுவேன். நீ அங்கே இருப்பதற்கும் நானே காரணம், நீ வர எண்ணுவதற்கும் நானே காரணம். உன்னை நோக்கி இரு புறமிருந்தும் நானே வந்திருக்கிறேன். ஒரு புறம் என் பேச்சு, மறுபுறம் என் ஏக்கம்.

சௌமியாவிடம் மெல்லக் கேட்டேன், அம்மா வந்துவிட்டால் உனக்கு மகிழ்ச்சிதானே என்று. வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், “வரட்டும்ப்பா. வந்து இங்க என்னத்த ஓட்டுவாங்க? மாமா ஜீப்பயா?” என்றாள். சற்றுப் பொறுத்து, “எனக்குத் தல பின்ன ஆளாச்சு” என்றும் சொன்னாள். இரண்டில் எது அவள் விடை என்று எனக்கு விளங்கவில்லை. பத்து வயதில் இப்படிப் பேச யாரிடம் கற்றாளோ.

நேற்று வெங்கடாசலம் வந்தார். நின்றுபோன உரையைச் சேலத்தில் பெரிய மன்றத்தில் நிகழ்த்த ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். என் மனைவியைப் பற்றி இனி எந்த மேடையிலும் பேச மாட்டேன் என்றேன். “அப்ப என்னத்தீங்கய்யா பேசுவீங்க?” என்று உண்மையிலேயே திகைத்துப்போனார். எனக்கும் தெரியவில்லை என்றேன். சுவரொட்டியில் இருந்த வானூர்தியை எடுத்துவிடச் சொன்னேன். என் படத்தையும் எடுத்துவிட்டால் குப்பாயி மகிழ்வாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ வந்தால் எனக்கு மகிழ்ச்சி. அதை மறைக்க இந்த வயதில் எனக்குத் திறன் போதாது. வராமல் அங்கேயே பறந்தால் எனக்குப் பெருமை, அதை ஊரறியும். இவ்விரண்டையும் நீ கணக்கில் கொள்ளாதே. ஞாயிறன்று நடுங்கிய கைகளை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். இன்னொரு முறை ஏறு. பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டேனும் ஏறு. அதே நீர்த்தேக்கத்தின் மேல் பறந்து, இறங்கி, வயிறார உண்டு, உறங்கி எழுந்து, அதன் பின் உன்னையே கேள். அப்போதும் போதும் என்று தோன்றினால், ஒரு சொல் விளக்கமும் வேண்டாம்; சென்னை வானூர்தி நிலையத்தின் வாயிலில் நானும் சௌமியாவும் தனபாலும் நிற்போம். மேடைகளில் நான் பேசியதற்கு ஊர் கேட்டால், விடை சொல்ல வேண்டியவன் பேசியவனே.

அந்தச் செயலியை இன்று காலை நீக்கச் சொன்னேன். சௌமியா நீக்கிவிட்டாள். அதை மீண்டும் சேர்க்கும் வழி எனக்குத் தெரியாது. அவளிடம் கெஞ்சினாலும் சேர்த்துத் தர மாட்டேன் என்கிறாள். இனி உன் வானத்தில் என் காது இல்லை. இக்கடிதத்தை அவளே படமெடுத்து உனக்கு அனுப்புவாள். எடுக்கும் சாக்கில் படித்தும் விடுவாள், படிக்கட்டும்.

உன் கண்கள் கூர்மை பெறுக. உன் கைகள் அமைதி பெறுக. உன் எதிரே வருவோர் தம் உயரம் தவறாதிருக்க. வருகிறாயா, இருக்கிறாயா என்பதை எப்போது வேண்டுமானாலும் சொல். ஒரு திங்கள் கழித்துச் சொல், ஓராண்டு கழித்துச் சொல். ஆனால் அந்த நீர்த்தேக்கத்தின் மேல் மறுபடி பறந்து இறங்கியவுடன், இறங்கிவிட்டேன் என்ற ஒரு சொல்லை மட்டும் உடனே அனுப்பிவிடு, கண்ணே.

என்றும் உன்,
ஞானசுந்தரம்