இரண்டாவது ஒலி

மச்சான்,

பழைய சாமான்களை ஒழிக்கலாம் என்று இன்று காலை நம் ஆவடி வீடியோ கடையின் இழுப்பறையைத் திறந்தேன். உன் ஹார்ட் டிஸ்க் கையில் தட்டுப்பட்டது. நீ சுற்றிய கருப்பு டேப் இன்னும் பிசுபிசுக்கிறது. தொட்டதும் போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

அன்று உன் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். அவளுடைய காதுகுத்து வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லி உன் மனைவி கூப்பிட்டிருந்தாள். படம் பிடித்தவன் நீ. வழக்கம்போல் ஒரு காட்சியிலும் உன் முகம் கிடையாது. நீ கண்ணை மூடியபோது குழந்தைக்கு இரண்டு வயது. உன் குரலையாவது அவள் கேட்க வேண்டும் என்பதுதான் தங்கச்சியின் ஆசை.

கோவில்பதாகையில் உங்கள் வீட்டு டிவி உன் எம்.கே.வி வகை வீடியோ கோப்பைத் திறக்க மறுத்தது. முன்பொரு கல்யாண வீடியோவை மாற்றுகிறேன் பேர்வழி என்று சுருக்கி, மணப்பெண்ணின் முகத்தையே நான் மங்கலாக்கியபோது நீ கத்தினாயே, "பொட்டிய மட்டும் மாத்து மாமே! உள்ள கீற படத்து மேல இன்னாத்துக்குக் கைய வெக்கிற?" அதை மறக்கவில்லை. படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே டிவிக்குப் புரியும் எம்பி4 பொட்டிக்குள் தூக்கி வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படம் பளிச்சென்று இருந்தது. நாதஸ்வரம் கேட்டது, குழந்தையின் வீறல் கேட்டது. நீ மட்டும் இல்லை.

"அண்ணே, அவரு கொரல் எங்கண்ணே?"

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. உன் சட்டை மைக்கில் பதிந்ததை எப்போதும் இரண்டாவது ஒலியாகத் தனியே வைப்பாய். இரண்டையும் எடு என்று நான் சொல்லாததால் மென்பொருள் ஒரே ஒலியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. டிஸ்க்கை மறுபடி செருகினேன். டிக், டிக் என்று தட்டியது. திரையில் ஒன்றும் வரவில்லை. வேறு நகலும் கிடையாது. ஊரார் படத்துக்கெல்லாம் இரண்டு நகல் எடுத்த மகராசன், சொந்தப் பிள்ளை படத்தை ஒன்றோடு விட்டிருக்கிறாயே என்று உன்னைக் கண்டபடி திட்டினேன்.

நான்காவது முறை திறந்தது. முதலில் அப்படியே லேப்டாப்புக்கு ஒரு நகல் எடுத்தேன். அப்புறம் இரண்டு ஒலியும் வேண்டும் என்று குறித்து மாற்றினேன். ரிமோட்டில் இரண்டாவது ஒலிக்கு மாற்றியதும் நீ பேசினாய்.

"அயுவாத கண்ணு, நைனா இங்கதான் கீறேன்."

உன் மகள் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

இப்போது அந்தப் படத்துக்கு நான்கு நகல் இருக்கிறது. யார் கோப்பைக் கொண்டுவந்தாலும் உள்ளே எத்தனை ஒலி என்று எண்ணாமல் நான் கை வைப்பதில்லை. உன் டிஸ்க் அன்று மாலையே ஒரேயடியாக நின்றுபோனது. தூக்கிப் போடத்தான் இன்று எடுத்தேன். டேப்பை இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.