கறுப்புக் கயிறு கட்டிய பென்டிரைவ்

இன்று காலை என் கண்ணில் பட்டது ஒரு சின்ன அம்புக்குறி. திரையில் மஞ்சளாகத் தெரியும் ஃபோல்டரின் கீழ்மூலையில், எறும்புத் தலை அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. நரிக்குடியிலிருந்து வந்த ஒருவர், மகளின் காதுகுத்துப் பத்திரிகையை அச்செடுக்க வேண்டுமென்று, தானே இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பென்டிரைவைச் செருகிவிட்டார். கடைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் விரல் மவுசில் இருந்தது.

என் கை தானாக இடப்பக்கம் போனது, உன் முழங்கையைத் தொட. அங்கே உன் ஸ்டூல்தான் இருந்தது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கும். ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போய், ஒன்பதாவதோடு நின்று, பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவளை கடை முதலாளி அண்ணாச்சி ஜெராக்ஸ் எடுக்க மட்டும்தான் சேர்த்தார். நீ டைப் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து நானும் அடிக்க ஆரம்பித்தேன். வந்தவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் உன் முழங்கையைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் கொஞ்சம் பொறு. இரண்டு தட்டு என்றால் இனிஷியலை மறுபடி கேள். நீ சத்தமாகக் கேட்பாய். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஊமக்கோட்டான், அடுத்து என்ன?" என்பாய்.

திருச்சுழிக்கு அப்ளிகேஷன் போட வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பென்டிரைவ் இருக்காது. ஸ்கேன் செய்ததை எதில் கொண்டுபோவது என்று முழிப்பார்கள். அவர்களுக்காகக் கடையில் பொதுவாக ஒரு பென்டிரைவ் வைத்திருந்தோம். அதற்குக் கண்ணு பட்டுவிடும் என்று நீதான் கறுப்புக் கயிறு கட்டினாய். யார் வாங்கிப் போனார்கள் என்று நோட்டில் பேர் எழுதிக்கொண்டு கொடுத்து அனுப்புவாய். ஸ்டூடியோ, ரேடியோ செட் போடுகிற அண்ணன், ஃப்ளெக்ஸ் கடை என்று எல்லா இடமும் அது போய்விட்டு வரும்.

பிறகுதான் அம்புக்குறி வந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. சொடுக்கினால் ஃபோல்டர் திறந்தது, உள்ளே படங்களும் இருந்தன. ஆனால் சில பேருக்கு வேறு கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் இல்லை. ஒரு அக்காவின் பையனுடைய சான்றிதழ் எல்லாம் காணோம் என்று அவர் கடை வாசலில் நின்று அழுதார். அண்ணாச்சி அருப்புக்கோட்டையிலிருந்து சர்வீஸ்காரரைக் கூட்டி வந்தார். அவர் கம்ப்யூட்டரில் இருந்த மொத்தத்தையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் அம்புக்குறி திரும்ப வந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அவர் என்னைப் பார்த்து, பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளையைக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தால் கண்ட பாட்டையும் இறக்கி இப்படித்தான் ஆகும் என்றார். அண்ணாச்சி உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். நீ அதை என்னிடம் சொல்லும்போது உன் முகம் என்னவோ போல் இருந்தது. பிறகு, "இன்னும் மூணு நாளு இருக்குடி. நீதான எதையும் உத்துப் பாப்ப, பாரு" என்றாய்.

பார்த்தேன். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். காலியான ஒரு பென்டிரைவில் என் பேரில் ஒரு ஃபோல்டர் போட்டுச் செருகினேன். நான் எதையும் தொடவில்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அம்புக்குறி விழுந்தது. அழித்தேன். திரும்ப வந்தது. அப்படியென்றால் அழிக்க வேண்டியது பென்டிரைவில் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒன்று உயிரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. மறைந்திருப்பதையும் காட்டு என்று அமைப்பை மாற்றிப் பார்த்தால், என் ஃபோல்டர் அங்கேயேதான் இருந்தது. அதை ஒளித்து வைத்துவிட்டு, அதே பேரில் போலி ஒன்றை முன்னால் நிறுத்தியிருந்தது. போலியைச் சொடுக்கினால் முதலில் அந்த வைரஸ் புழு ஓடும், பிறகு நமக்குச் சந்தேகம் வராமல் நிஜ ஃபோல்டரையும் திறந்து காட்டும். அந்த அக்காவின் சான்றிதழ்களும் காணாமல் போகவில்லை, ஒளிந்துதான் இருந்தன.

ஆனால் புதிதாக ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அது எப்படி வந்தது? ஒருநாள் முழுக்க இதே யோசனை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் ரெட்டியபட்டி வீட்டுக்குப் போகும்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு தடவை புதிதாக ஏற்றியதும் நாம் முதலில் என்ன செய்வோம்? தமிழ் எழுத்துருவையும் விண்ணப்பப் படிவங்களையும் திரும்பப் போடுவோம். எதிலிருந்து? கறுப்புக் கயிறு கட்டியதிலிருந்து. நம்முடையது, அதில் என்ன இருக்கப் போகிறது என்று ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் உன்னிடம் காதோடு சொன்னேன். நீ அந்தக் கயிற்றைப் பிடித்து ஆட்டினாய். இதை வெளியே சொன்னால் கடைப் பேர் கெடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லாவிட்டால் என் இடம் போகும்.

கடை நிறைய ஆள் இருக்கும்போதே நீ எழுந்து அண்ணாச்சி முன்னால் போய் நின்றாய். "அவ கெடுக்கல அண்ணாச்சி. கெடுத்தது நம்ம பென்டிரைவு. அத ஊரெல்லாம் குடுத்துவிட்டது நானு. அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க. ஆனா இத எடுக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான்."

அண்ணாச்சி எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். கம்ப்யூட்டரில் இப்போது ஓடுவதையெல்லாம் காட்டும் பட்டியலைத் திறந்து முதலில் புழுவை நிறுத்தினேன். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழுவதற்கு அது எழுதி வைத்திருந்த இடத்தைத் தேடி அழித்தேன். அதன் பிரதியை அழித்தேன். பிறகுதான் பென்டிரைவைச் செருகி, ஃபோல்டரைச் சொடுக்காமல், கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையில், நெட்டில் தேடி எழுதி வைத்திருந்த ஒரு வரியை அடித்தேன். ஒளிந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போலிகளையும் புழுவையும் அழித்தேன். நிமிடங்கள் போயின, அம்புக்குறி வரவில்லை. அண்ணாச்சி, "சரி, நீயே பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த இரண்டு நாளும் நீ நோட்டில் இருந்த ஒவ்வொரு பேருக்கும் போன் போட்டாய். எங்க பென்டிரைவில் இருந்துதான் உங்களுக்கு வந்திருக்கும், இருக்கிறதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று கூச்சமில்லாமல் சொன்னாய். ஒருவரை விட்டாலும் திரும்ப வரும் என்று நான் சொல்லியிருந்தேன், நீ யாரையும் விடவில்லை. ரேடியோ செட் அண்ணன் ஒரு மஞ்சப்பை நிறையப் பென்டிரைவோடு வந்து, "என்ன தாயி, இதுக்கும் போலியோ சொட்டு மருந்தா?" என்றார். "ஆமண்ணே, வரிசையில நின்னு வாயத் தொறங்க" என்றாய். கடையே சிரித்தது. அந்த அக்கா, மகனின் சான்றிதழ்களைத் திரையில் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். அப்போது நீ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒம்பதாவதுதான் படிச்சிருக்கா. சர்வீஸ்காரருக்குத் தெரியல, இவளுக்குத் தெரிஞ்சது" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அன்று வீடு போகும்வரை என் நெஞ்சு நிமிர்ந்தேதான் இருந்தது. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

மஞ்சள் காமாலை என்று நீ லீவு போட்டபோது, வாரேன்டி என்றுதான் ஊருக்கு வீரசோழன் பஸ்ஸில் ஏறினாய். பிறகு உன் சாவுச் சேதிதான் வந்தது. உங்கம்மா ஒரு நாள் கடைக்கு வந்து, வீட்டில் நீ என்னைப் பற்றியே பேசுவாய் என்றார். "என்கூட ஒருத்தி இருக்கா, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்பாயாம். நீ கட்டிய கயிறு இன்னும் அந்தப் பென்டிரைவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையும் கடை திறந்ததும் அதைத்தான் முதலில் சோதிக்கிறேன்.

இன்றும் அது சுத்தமாகத்தான் இருந்தது. அம்புக்குறி இருந்தது நரிக்குடிக்காரரின் பென்டிரைவில். அவர் விரல் மவுசின் மேல் அழுந்தப் போனது. தட்ட உன் முழங்கை இல்லை. அண்ணாச்சியும் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார்.

ஜெராக்ஸ் மிஷினை விட்டு வந்து கடையின் நடுவில் நின்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணே, மவுசுல இருந்து கைய எடுங்க" என்றேன்.