புது மீன்கள் வந்த வீடு

அன்பு மகள் வாண்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, கண்ணாடித் தொட்டியில் குடியிருப்பவர்கள் உட்பட அனைவரும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நல்ல சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். தூக்க விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது கண்ணு. நான் பேசும்போது உன் அப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆபரேஷனில் தொண்டைதான் போனது, காது இன்னும் பாம்புக் காது. அதனால் பல் டாக்டர் மதியத்துக்கு மேல் வரமாட்டேன் என்று சொன்ன நாளாகப் பார்த்து, கிளினிக்கில் என் வரவேற்பு மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மேஜையைக் குறை சொல், என்னைச் சொல்லாதே.

நீ கிளம்பிப் போனபோது அப்பா ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளையும், பேச உள்ளே ஒரு சின்ன வால்வும் வைத்திருந்தார்கள். துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டால் பேச்சு வரும், பழகப் பழகச் சரியாகும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னார். பேச்சு வரத்தான் செய்தது. ஆனால் கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா விரலை எடுத்துவிட்டார். எழுதிக் காட்டும் பலகையை வாங்கி, ‘இது என் குரல் இல்லை’ என்று எழுதினார். அதோடு பயிற்சிக்கு முழுக்குப் போட்டாயிற்று. வீட்டில் எல்லாவற்றுக்கும் பலகைதான். பசிக்கிறதா என்று கேட்டால் தலையாட்டல், போதுமா என்று கேட்டால் கையசைப்பு. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலமெல்லாம் கத்திக்கொண்டிருந்த மனிதர். இந்த ஊரில் பாதிப் பேர் அவர் குரலுக்குப் பயந்துதான் பிரேக்கே பிடித்தார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் குக்கர் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். நீ கேட்டபோதெல்லாம் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிவந்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேறு என்ன சொல்ல முடியும்? நீ அப்பாவிடம் கொடு என்பாய், அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார், நான் குளிக்கிறார் என்பேன். ஒரு மனிதர் ஞாயிறு தவறாமல் அதே நேரத்திலா குளிப்பார் என்று நீ கேட்காமல் விட்டதே பெரிய புண்ணியம்.

இப்போது மீன் கதைக்கு வருகிறேன். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் உன் பெரியம்மா வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள் இல்லையா. அவளுக்கு யார் கண்ணில் பட்டாலும் பசித்தவராகத்தான் தெரியும். பாவம் வாயைத் திறந்து திறந்து கேக்குதுங்க என்று சொல்லிச் சொல்லித் தீனியைக் கொட்டியிருக்கிறாள். மிச்சம் அழுகி, தண்ணீர் கெட்டு, ஒன்றொன்றாக எல்லாம் போயிற்று. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, நீ மேனேஜர் என்று பேர் வைத்த அந்தக் கறுப்புச் சக்கர் மீன், அது ஒன்றுதான் தப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா தண்ணீரையெல்லாம் மாற்றிச் சரிசெய்து வைத்தாரே தவிர, புது மீன் வாங்கலாமா என்றால் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். மாதக்கணக்கில் அந்தப் பெரிய தொட்டியில் மேனேஜர் மட்டும் ஒரு மூலையில். அதன் எதிரில் அப்பா. இரண்டு பேரும் வாயே திறக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல். எங்கள் கிளினிக்கில் காத்திருக்கும் இடத்திலும் ஒரு தொட்டி வைத்திருக்கிறார் டாக்டர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் வலியை மறந்து மீனைப் பார்ப்பார்கள், பக்கத்திலிருப்பவரிடம் இது என்ன ஜாதி என்று கேட்பார்கள். அதைத் தினமும் பார்க்கிறவள் நான். ஒரு நாள் வேலை முடிந்ததும் யாரிடமும் கேட்காமல் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் கடைக்குப் போனேன். வளர்ப்பு மீன் கடைதான், குழம்பு மீன் கடை என்று நினைத்துக்கொள்ளாதே. கடைக்காரம்மா வலையை விட்டு நியான் மீன்கள் ஒரு கூட்டத்தைப் பிடித்து, பாலித்தீன் பையில் காற்றடைத்துக் கட்டிக் கொடுத்தாள். விரல் நுனி அளவுதான் ஒவ்வொன்றும், உடம்பில் நீலக் கோடு, வாலருகே சிவப்பு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குலுங்கும்போதெல்லாம் எனக்கே மூச்சு நின்று நின்று வந்தது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தொட்டியின் மூடியைத் திறந்து பையின் முடிச்சை அவிழ்த்தேன். அப்பா பார்க்கட்டும், பார்த்தால் முகம் மலரும் என்ற அவசரம் எனக்கு. பையை அப்படியே சாய்த்து ஊற்றப் போனேன். பின்னாலிருந்து ஒரு சத்தம். “பிரேக்.” சத்தியமாகச் சொல்கிறேன் வாண்டு, வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். திரும்பினால் அப்பா நிற்கிறார், கட்டைவிரல் கழுத்தில். அவரே அதிர்ந்துபோய் நிற்கிறார். இத்தனை மாதத்தில் முதல் வார்த்தை, அதுவும் என்ன வார்த்தை பார். கல்யாணமான புதிதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய் இதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை அழவிட்டார். நான் நடுரோட்டில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். இந்தத் தடவை இறங்கிப் போகவில்லை. பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். மேற்கொண்டு ஏதாவது சொல்வாரா என்று காத்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. அவர் பலகையைத் தேடினார். அது சாப்பாட்டு மேஜையில் இருந்தது. நான் எடுத்துத் தரவில்லை. “சொல்லுங்க, என் கை ரெண்டும் ஓய்வா இல்ல, என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு விரலை வைத்துக்கொண்டு, “லைட்டு” என்றார். தொட்டி விளக்கை அணைத்தேன். “கட்டு” என்றார். முடிச்சைத் திரும்பக் கட்டினேன். “வேற தொட்டி” என்றார்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை உனக்கும் சொல்லிவைக்கிறேன், நாளைக்கு நீயும் அங்கே மீன் வளர்க்கலாம். புது மீனை எடுத்த எடுப்பில் பழைய தொட்டியில் விடக்கூடாதாம். வெளிச்சம் பட்டால் மிரளுமாம். கடைத் தண்ணீரின் சூடு வேறு, நம் தண்ணீரின் சூடு வேறு. பையோடு மிதக்கவிட்டு இரண்டும் சமமான பிறகு, நம் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பைக்குள் சேர்க்க வேண்டுமாம். அப்புறம் வலையில் மீனை மட்டும் எடுக்க வேண்டும், கடைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே விழக்கூடாது. அதுவும் முதலில் தனித் தொட்டியில்தான். நோய் நொடி எதுவும் இல்லை என்று சில வாரம் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மேனேஜருக்கும் ஒட்டிக்கொள்ளும். நான் துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பைக் கழுவி, பெரிய தொட்டியின் தண்ணீரையே மொண்டு ஊற்றி, காற்றுக் குழாயும் சூடேற்றும் கருவியும் வைத்துத் தயார் செய்தோம். துணிக்கு வாளி போதும் என்று ஆகிவிட்டது. பேச ஒரு கை வேண்டுமே அவருக்கு, அதனால் வலையும் கரண்டியும் என்னிடம், வார்த்தை அவரிடம். “மெதுவா.” “இன்னொண்ணு.” “அவசரம் எதுக்கு.” வார்த்தைகள் கூடிக்கொண்டே போனபோது நான் வேண்டுமென்றே கவனிக்காதவள் மாதிரி இருந்தேன். கவனித்தேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார். உனக்கும்தான் அந்தக் குணம், யாராவது பாராட்டினால் போட்டுவிட்டு எழுந்துவிடுவாய்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையில் டப்பில் இரண்டு மீனின் மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். ஒன்று மறுநாளே செத்து மிதந்தது. என்னிடம் பழைய மருந்து பாட்டில் ஒன்று இருந்தது, ஒட்டியிருந்த தாள் தேய்ந்து அளவு தெரியவில்லை. நான் கடைக்குப் போன் போட்டு, அது என்ன இது என்ன என்று குழப்பிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, போனை வெடுக்கென்று வாங்கிவிட்டார். கழுத்தில் விரலை வைத்து, “நியானுக்கு முழு அளவா, பாதியா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றாள். மறுபடி கேட்டார். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. போனை மெல்ல மேஜையில் வைத்தார். போச்சு, கூடிவந்தது எல்லாம் இந்த ஒரு போனில் போச்சு என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் டப்புக்கு எதிரில் உட்கார்ந்து, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், மீன் மேலேயே கோபப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் துணி, கையில் அந்த மருந்து பாட்டில். ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போகாத மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். நான் பூட்டைத் தேடி எடுத்துப் பூட்டிக்கொண்டு ஓடுவதற்குள் தெரு முனைக்குப் போய்விட்டார்.

அந்தக் கடையில் நாலாபக்கமும் காற்று பம்புகளின் இரைச்சல். அப்பா பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. கடைக்காரம்மா அவர் கழுத்தையும் பார்த்தாள், பாட்டிலையும் பார்த்தாள். எட்டிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். கடை முழுக்க அமைதி. “இப்ப சொல்லுங்க சார், சீக்கிரம் சொல்லுங்க, ரொம்ப நேரம் நிறுத்தினா என் மீனுக்கு மூச்சு முட்டும்” என்றாள். அப்பா கேட்டார். “அட, போன்ல நீங்கதானா? ஏதோ மெஷின் பேசுதுன்னு வச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, அதைப் பற்றி மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. நியானுக்குப் பாதி அளவுதான், தாங்காது, தண்ணீர்ச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், சூடு ஏற ஏறக் காற்று அதிகம் விடுங்கள், மருந்து புதிதாக வாங்குங்கள் என்றாள். அதோடு முடிந்திருக்கும். அப்பா விடவில்லை. நோயுள்ள மீனை எப்படி விற்கலாம் என்று ஆரம்பித்தார். இடம் மாறின பயத்துல எந்த மீனுக்கும் வரும் சார் என்றாள். அப்போ நீங்களே தனியா வச்சுப் பார்த்துட்டு வித்தா என்ன என்றார். “தனித்தனியா வச்சுப் பார்த்தா வியாபாரம் இல்லாம நான் தனியா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்” என்றாள். இப்படியே ஒன்றுக்கொன்று. நடுவில் சுவிட்சைப் போட்டுவிட்டாள், இரைச்சல் வந்துவிட்டது, அப்படியும் அவள் காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டாள், அவர் அவள் காதில் சண்டை போட்டார். நான் ஓரமாக நின்று பார்த்தேன். எத்தனை நாளாயிற்று அவரிடம் ஒருவர் சரிக்குச் சரியாகப் பேசி. நாமெல்லாம் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி அல்லவா கையாண்டுகொண்டிருந்தோம். திரும்பி நடக்கையில் மூச்சு வாங்கியது அவருக்கு, ஆனாலும் முகத்தில் சண்டையில் ஜெயித்த களை. ஜெயித்தாரா என்றால் இல்லை, மருந்துக்கு முழுப் பணமும் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

பிறகு இன்னும் ஒரு மீன் போயிற்று. மற்றதெல்லாம் தேறிவிட்டது. புள்ளிகள் மறைந்த பிறகும் அப்பா சில வாரம் பொறுத்திருந்து, போன வாரம்தான் பெரிய தொட்டியில் விட்டோம். நான் வலையைக் கவிழ்த்தேன், அவர் சொல்லச் சொல்ல. முதலில் எல்லாம் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பிறகு ஒன்று வெளியே வந்தது, அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் கூட்டமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே ஓட்டம். மேனேஜர் நகரவே இல்லை. அப்பா பார்த்துவிட்டு, “இவன் எப்பவுமே இப்படித்தான், புதுசா யார் சேர்ந்தாலும் வரவேற்க மாட்டான்” என்றார். முழு வாக்கியம். நான் சிரித்ததும் அவரும் சிரித்தார். சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. அதைப் பார்த்து நான் மறுபடி சிரித்தேன்.

பேச்சுப் பயிற்சிக்கு இப்போது அவரே பஸ் ஏறிப் போகிறார். அந்த அம்மா தினமும் வீட்டில் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இவர் மீன் மருந்து பாட்டிலையும் தீனி டப்பாவையும் படிக்கிறார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்து, காரில் வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்து சாலை விதிகள் சொல்லிக்கொடுக்க வரமுடியுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாக்கலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனி. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சில நாள் கரகரப்பு அதிகமாகி, விரலை எடுத்துவிட்டுப் பலகையைத்தான் தேடுகிறார். சளி அடைத்துக்கொள்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும். எனக்கும் முழங்கால் படியிறங்கும்போது பேசுகிறது. அது கிடக்கட்டும். பெரியம்மா அடுத்த வாரம் வருகிறாள், தீனி டப்பாவை ஒளித்துவைக்க வேண்டும். நீ ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. போன தடவை இருமினாயே, நின்றுவிட்டதா?

இப்போது முக்கியமான விஷயம். உன்னிடம் பேச வேண்டும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று நாளும் குறித்திருக்கிறார், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. குரல் உனக்குப் புதிதாக இருக்கும், திடுக்கென்றுதான் இருக்கும். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லாதே, அவருக்குத் தெரியும். புரியவில்லை என்றால் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டார். நடுவில் மூச்சுக்கு நிறுத்துவார், பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக் குறுக்கே விழாதே. மீனைப் பற்றிக் கேள், தன்னால் பேசுவார். அழுகை வந்தால் போனை வைத்த பிறகு அழு, நானும் இங்கே அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

கடவுள் துணையிருக்க, நோயில்லாமல், மனக்குறையில்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நீண்ட காலம் வாழ வேண்டும். அன்று போன் அடித்தால் நான் எடுக்கப் போவதில்லை, சமையலறையிலேயே இருப்பேன். எவ்வளவு நேரம் அடித்தாலும் நீ வைத்துவிடாதே. அவர் எழுந்து வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, விரலை வைத்து, போனை எடுப்பதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா