அமலி அக்காவின் வலைப்பூவில் ஒரு பின்னூட்டப் பெட்டி

என் அமலி அக்காவுக்கு,

உன் வலைப்பூவில் பின்னூட்டப் பெட்டி வைத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றதைத்தான் செய்திருக்கிறேன்.

ஆபரேஷனில் குரல்வளையை எடுத்த பிறகுதான் நீ எழுதத் தொடங்கினாய். பேச்சு நின்றுபோனவள் பஸ்ஸில் எப்படி டிக்கெட் கேட்கிறாள், காய்கறிக்காரரிடம் எப்படிப் பேரம் பேசுகிறாள் என்று சிரிக்கச் சிரிக்க எழுதினாய். படிக்கிறவர்கள் பதில் எழுத இடம் வைக்கலாமே என்றேன். போனில் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாய்: "வேணாம்டி. அம்புட்டுப் பேரும் பாவம்னு எழுதுவாக."

நீ போன பிறகும் அதை அப்படியேதான் விட்டிருந்தேன். போன மாதம் நெய்க்காரப்பட்டியிலிருந்து சரசு என்றொருவர் வந்தார். நீ எழுதியிருந்த தெருவை வைத்து விசாரித்து வந்திருந்தார்.

"அமலி அக்கா இருக்காங்களா? என்ற வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேசனுங்க. அக்கா எழுதுனதப் படிச்சுத்தான் வெளிய எறங்குனாரு. ஒரு வார்த்த கேக்கலாம்னா அதுல எடமே இல்லீங்க."

நீ இல்லை என்றேன். உன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, கேட்க வந்ததை என்னிடம் கேட்டார்.

"இப்ப மூச்சு கழுத்து ஓட்ட வழியாத்தானுங்க. சோறு, வெஞ்சனம் எதோட வாசமும் தெரியலைங்கறாரு. திரும்ப வருமாங்க?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. கடைசி மாதங்களில்கூட மல்லிகைச் சரத்தை முகத்தருகே வைத்துக்கொள்வாயே. வாசம் தெரிந்துதானா? இல்லை, வெறும் பழக்கமா?

அவர் போனதும் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி அந்தப் பெட்டியைச் சேர்த்தேன். முதலில் வந்தது ஒரு வீட்டுக்கடன் விளம்பரம். நீ இருந்திருந்தால் தோள் குலுங்கச் சிரித்திருப்பாய். அதை நீக்கினேன். அடுத்தது, நான் தகவல் சொன்னதும் சரசு போட்ட அதே கேள்வி.

உன் கணக்கில் நுழைந்திருந்ததால், 'அமலி பதிலளிக்கிறார்' என்று திரையில் வந்தது. எவ்வளவு நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஒரே ஒரு வார்த்தை தட்டினால் போதும், நீ பேசியதாகிவிடும். மனசு வரவில்லை. வெளியேறி, படிக்கிற எல்லோருக்குமாக என் பெயரில் எழுதினேன்: "அக்கா காலமாகிவிட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

சொன்னார்கள் அக்கா. வத்தலக்குண்டு ஆசிரியர் ஒருவர், அவருக்கும் உன்னைப்போலத்தான். "வாய மூடிக்கிட்டே கொட்டாவி விடுற மாதிரி தாடைய எறக்குங்க. மூக்குல காத்து ஏறும். விடாம பழகுனா கொஞ்சம் வாசம் தெரியும்" என்று எழுதியிருந்தார்.

நேற்று சரசு எழுதினார்: "தாளிக்கிற வாசத்துக்கு அடுப்படிக்கே வந்துட்டாருங்க."

படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அடக்க முடியாமல் அழுதேன். நீ இருக்கும்போதே யாராவது இதை உனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

பெட்டியை மூட மாட்டேன். உன் பெயரில் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். கேட்டு வருகிறவர் யாரையும் பதில் இல்லாமல் காத்திருக்க விடமாட்டேன்.

உன் குரல் இன்னும் காதில் இருக்கும்
உன் தங்கச்சி ஸ்டெல்லா