ஏனாமுக்கு நீ கேட்டு வாங்கிய மாற்றல்

என் கண்ணான தம்பி வேணுவுக்கு,

உன் படத்துக்கு இன்று பூ மாற்றினேன். மல்லிகை வாசம் உனக்குத் தலைவலி. அதனால் சம்பங்கி.

ஏனாமுக்கு மாற்றல் வந்தால் காரைக்காலில் யாருக்கும் தூக்கம் வராது. நம் புதுச்சேரி அரசாங்கத்துக்கு உட்பட்ட ஊர்தான். ஆனாலும் ஆந்திராவுக்குள் எங்கோ இருக்கிறது, பேச்செல்லாம் தெலுங்கு. ரத்து செய்யச் சொல்லி ஆள் பிடிப்பார்கள். நீ மட்டும் மனு எழுதிக் கேட்டு வாங்கினாய்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், “எதுக்குடா ஏனாம்? ஒரு வார்த்தை புரியாதேடா.”

“அதுக்குத்தாங்க்கா. என்னைப் பத்தி என்ன பேசினாலும் புரியாதுல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் சொன்னாய்.

பள்ளிக்கூடத்தில் உன் நடையைப் பார்த்து “வேணி, வேணி” என்று துரத்தியவர்களில் ஒருவன், உன் ஆபீசில் பக்கத்து மேஜைக்கே வந்தானாம். முதல் நாளே, “என்ன வேணி, இன்னும் கல்யாணம் ஆகலையா?” என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். அந்த வாரமே நீ மனு கொடுத்துவிட்டாய்.

தெலுங்கு உனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. புரிய ஆரம்பித்ததும் கேரளப் பக்கம் மாகேவுக்கு மாற்றல் கேட்டாய். மலையாளம் தமிழுக்கு எவ்வளவு பக்கம் என்று யோசிக்கவே இல்லையா, வேணு?

போன இடமெல்லாம் ஓரமாக ஒரு மேஜை. பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய், பத்துப் பேர் முன்னால் வாய் திறக்க வேண்டுமே என்று. நீ எழுதுகிற ஆபீஸ் கடிதத்தில், எதிலும் குறை பார்க்கிற நான்கூடக் குறை கண்டுபிடித்ததில்லை. அதெல்லாம் யார் யாருடைய கையெழுத்தோடோ போய்ச் சேர்ந்தது. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று ஆபீஸ் ஆள் ஒருவர்கூட வரவில்லை. எந்த ஆபீசிலும் உன்னை முழுதாகத் தெரிந்துகொள்ளும் வரை நீ இருந்ததே இல்லையே.

இப்போது என் மகள் ரேவதி, உன்னைப் போலவே அரசாங்க ஆபீசில். தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று உன்னிடம்தான் முதலில் சொன்னாளாமே. எனக்கு இந்தப் பொங்கலுக்குத்தான் சொன்னாள். அவள் கிராப்பைப் பார்த்து ஆபீசில் “வாங்க சார்” என்கிறார்களாம். கான்வென்டிலும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள், “அம்மா, நான் ஏனாமுக்கு எழுதிக் குடுக்கப் போறேன்.”

“தெலுங்கு தெரியுமாடி?”

“தெரியாது. அதனாலதாம்மா.”

“உன் மாமாவுக்கும் தெரியாது. கத்துக்கிட்டான்.”

தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அப்ப இங்கயே இருந்து என்ன பண்ண?”

“மேலதிகாரிகிட்ட புகார் குடு. நானும் வர்றேன்.”

“நீ வந்து என்னம்மா பண்ணுவே?”

“உக்காருவேன்.”

சிரித்துவிட்டாள். முதுகு வளையாமல் உட்கார என் கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வயதிலும் அது வரும்.

எழுதி வைத்த மனுவை அவள் இன்னும் கிழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. உனக்காக ஒருநாளும் உன் ஆபீஸ் வாசல் மிதிக்காதவள், திங்கட்கிழமை அவளோடு போகிறேன். “சார்” என்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஒருநாளில் அவர்கள் திருந்தமாட்டார்கள் என்று தெரியும். மறுநாளும் போவேன். அவள் ஏனாம் பார்க்க ஆசைப்பட்டால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். ஒளிந்துகொள்ள மட்டும் அனுப்பமாட்டேன், வேணு.

உன்னை பஸ் ஏற்றி ஏற்றி அனுப்பிக்கொண்டே இருந்த
உன் அக்கா,
காந்திமதி