இவருடைய மோதிரக் கல்

2025 மார்ச் 4, செவ்வாய்

இவருடைய மோதிரத்தில் கல் ஆடுகிறதாம். இறுக்கித் தருகிறேன் என்று மகள் தாட்சா கொண்டுபோயிருக்கிறாள். நகைக்கடை வேலை, கற்களைப் பற்றிய படிப்பும். இவருக்கு ஒரே பெருமை. ஆனாலும் வெறும் விரலைத் தடவிக்கொண்டே இருக்கிறார். இவருடைய அண்ணா யோகா இலங்கையில் இரத்தினபுரியில் வேலையாக இருந்தபோது வாங்கிக் கொடுத்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் சிங்களக் காடையர் அவரை அங்கேயே கொன்றார்கள். உடம்பும் கிடைக்கவில்லை. இந்தத் தேன் நிறப் புஷ்பராகம்தான் மிச்சம்.

மார்ச் 6

அது புஷ்பராகமே இல்லையாம்.

நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுத் தாட்சா சொன்னாள். "லென்ஸால பாத்தா பின்பக்கக் கோடெல்லாம் ரெட்டையாத் தெரியுதம்மா. திருப்பினா தேன் நிறம் பச்சை கலந்த பழுப்பா மாறுது. கடையில டெஸ்ட் பண்ணியும் பாத்தாச்சு. சரியான அபூர்வமான கல்லு."

"பேர் என்ன?"

"சின்ஹலைட்."

சிங்களத்தின் பேரா? கடையில் பிஸ்கட் பெட்டியில் அந்த எழுத்தைக் கண்டாலே திருப்பி வைக்கிற மனுசன் இவர்.

மார்ச் 7

அப்பாவிடம் பெரிடொட் என்கிற கல் என்று சொல்லடி என்றேன். ஐம்பதுகள் வரை எல்லாரும் இந்தக் கல்லை அப்படித்தான் நினைத்தார்கள் என்று இவளேதான் சொன்னாள். "அப்பாவுக்குப் பொய் சொல்ல மாட்டன். வெறும் பேர்தானேம்மா."

வெறும் பேராம். சிட்னியில் பிறந்த பிள்ளைக்கு என்ன தெரியும்?

மார்ச் 8

நித்திரை இல்லை. பேரைக் கேட்டு இவர் தூக்கி எறிந்துவிட்டால்? பிறகு அண்ணா என்று தொட்டுப் பார்க்க இந்த மனுசனுக்கு என்ன இருக்கு? நான் ஏன் அதைக் கொண்டுபோக விட்டனான்—

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேசையில், மோதிரத்தை இவர் முன்னால் வைத்து, நான் கண்ணைக் காட்டக் காட்ட. சோற்றில் இவருடைய கை அப்படியே நின்றது.

"அண்ணாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிஞ்சிருக்காதப்பா. விக்கிற ஆக்களே மாறி நினைக்கிற கல்லு."

எழும்பிப் போய்க் கை கழுவினார். மோதிரம் மேசையிலேயே கிடக்கிறது. எடுத்து வைக்கவும் எனக்குப் பயம்.

மார்ச் 11

இன்னும் அங்கேதான். அதைச் சுற்றித் துடைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

வெஸ்ட்மீட்டில் தாட்சாவின் சிநேகிதன் ஸ்ரீகாந்த் வீட்டில் பிறந்தநாள் விருந்து. காரில் ஏறிய பிறகுதான் கண்டேன், மோதிரம் இவர் விரலில்.

ஸ்ரீகாந்த் மதுரைப் பிள்ளை, ஒன்றும் அறியாதவன். இவர் கையைப் பார்த்து, "சூப்பரா இருக்கு அங்கிள், புஷ்பராகமா?" என்றான். இவர் ஓம் என்றுவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்லைத் தம்பி. சின்ஹலைட்." நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். "என்ரை அண்ணா வாங்கித் தந்தவர்."

"அண்ணன் எங்க இருக்காரு அங்கிள்?"

இவர் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டுச் சொல்லத் தொடங்கினார். இத்தனை வருசமாக எனக்கே சொல்லாததெல்லாம் சொன்னார்.