ஹரோல்ட் கொடுத்த வாக்கும் அரிப்புக் கரையும்

மச்சான்,

உன் பழைய வரலாற்றுப் புத்தகத்தை உன் மனைவி நேற்று எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்ததும் கருவாட்டு மணம் குப்பென்று அடித்தது. நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த கதையை மீன்வாடிக்குள் வைத்துப் படித்தவன் மன்னாரிலேயே நீ ஒருவன்தான் என்று நினைத்துச் சிரித்தேன். அந்த அத்தியாயத்தைப் படிக்கப் படிக்கச் சிரிப்புப் போய்க் கோபம் வந்தது.

உயர்தர வகுப்பில் இதற்காக நாம் கைகலக்காத குறைதான். இங்கிலாந்தின் சக்சன் இனத்துப் பிரபு ஹரோல்ட் கடலில் அலைக்கழிந்து அந்நியக் கரையில் ஒதுங்குகிறான். நோர்மண்டியின் தலைவன் வில்லியம் அவனை மீட்டு, விருந்து வைத்து, இங்கிலாந்தின் முடி தனக்கே என்று புனிதர்களின் எலும்புகள்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்புகிறான். பிறகு பழைய அரசன் இறக்க, சக்சன்கள் ஹரோல்டையே அரசனாக்க, அவன் வாக்குத் தவறியவன் என்று ஊரெல்லாம் சொல்லி, பாப்பரசரின் ஆசியோடு வில்லியம் படையெடுத்து வந்தான். “சத்தியம் சத்தியம்தான்” என்றேன் நான். நீ மேசையில் ஓங்கிக் குத்தினாய்.

“விட்டால்தானே வீட்ட போகலாம் எண்டு நிக்கிறவனிட்ட வாங்கினது சத்தியமோடா? முடி என்ன அவன்ர வீட்டுக் கதிரையோ, தூக்கிக் குடுக்க? அது ஊர் கூடிக் குடுக்கிறது!”

இவ்வளவும் தெரிந்த நீதான் போன சோளகக் காற்றுக் காலத்தில் போய் மாட்டிக்கொண்டாய். நடுக்கடலில் வள்ளத்து எஞ்சின் நின்று, காற்று உன்னை இழுத்துப்போக, வேற்றூர்ச் சம்மாட்டி ஒருவர் உன்னைக் காப்பாற்றினார். நிறைய வள்ளங்களும் வலைகளும் உள்ள மனிதர். சோறு தந்தார், தன் சேர்ட்டைத் தந்தார். உன் எஞ்சினையும் திருத்திவிட்டு, புறப்படும்போது அந்தோனியார் சொரூபத்தின் முன் நிறுத்தி, “உங்களுக்குப் பிறகு உங்கட பாடு எனக்கெண்டு ஒரு வாக்குத் தாங்கோ” என்று கேட்டார். அவருடைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எப்படி மறுப்பாய்?

பாடு என்பது கரைவலை வளைத்து இழுக்கிற கடற்கரைத் துண்டு. அது உன் பெயரில் இருந்ததே தவிர உனக்குச் சொந்தமில்லை. அரிப்பு ஊரில் உங்கள் பகுதிக் குடும்பங்கள் எல்லாம் முறை வைத்து இழுக்கிற இடம். மன்னார் பஸ் நிலையத் தேநீர்க் கடையில் என்னிடம் இதைச் சொல்லி நீ சிரித்தாய். “என்ர இல்லாததைத்தானே மச்சான் குடுத்தனான். வெறும் வாக்கு. அவர் வைச்சுக் கும்பிடட்டும்.”

உன் நியாயம் எனக்கு விளங்கியது. கரைக்கு விளங்கவில்லை. இங்கே வலைச் சண்டையோ பாடு பற்றிய சண்டையோ புனிதரின் காலடியில் சத்தியத்தோடு முடிந்தால், அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. நீ செத்து முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு சம்மாட்டி லொறியில் வலைகளோடு வந்து, மணலில் அந்தோனியார் கொடியை நட்டார். “செத்தவர் புனிதருக்கு முன்னால தந்த வாக்கு. மீறினால் பழி அவற்ற பிள்ளைக்குத்தான்.”

வெட்கங்கெட்ட பேச்சு! தகப்பனை இழந்த பிள்ளையைக் காட்டி ஊரைப் பயமுறுத்துகிற பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரோ மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது. மறுவாரமே ஊரவர் ஒருவர் சம்மாட்டியின் வலைக்கயிற்றைப் பிடிக்கக் கூலிக்குப் போனார். பிறகு அவருடைய மைத்துனர், பிறகு பக்கத்து வீட்டார். சக்சன்களும் ஒரே நாள் சண்டையில் முழுதாகத் தோற்கவில்லையே. ஹரோல்ட் விழுந்த பிறகு பெரிய தலைகள் ஒவ்வொன்றாகப் போய் வில்லியத்தின் முன் குனிந்தன. தங்கள் காணியையே அவனிடம் தயவாகக் கேட்டு வாங்கின. ஆட்சி அப்படித்தான் வருகிறது மச்சான், ஆள் ஆளாக.

உன் மகள் போகவில்லை. போன கிழமை உங்கள் முறை வந்த அன்று, என்னையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு நேரே சம்மாட்டியிடம் போனாள்.

“ஐயா, அப்பாவைக் காப்பாத்தினதுக்குச் சாகும்வரைக்கும் உங்களுக்கு நன்றி சொல்லுவன். ஆனால் பாடு அவற்ற இல்லை. இண்டைக்கு எங்கட முறை. பழி வாறதெண்டால் எனக்கு வரட்டும்.”

அவர் கொடியைக் காட்டினார். உன் மகள் வலையை வள்ளத்தில் ஏற்றினாள்.

கந்தோரில் கோப்புப் பார்த்துக் கதிரை தேய்த்த எனக்கு அந்தக் கயிற்றை இழுத்தபோது உயிர் போய் வந்தது. வலையின் மடியில் கொஞ்சம் சூடை மீன்தான் கிடந்தது. வழக்கம்போலப் புனிதரின் பங்கை முதலில் எடுத்தாள். கோயிலுக்குக் கொண்டுபோவாள் என்று நினைத்தேன். நேரே போய்ச் சம்மாட்டி நட்ட கொடியின் அடியில் வைத்தாள்.

“அந்தோனியாரே, இது உங்கட பங்கு. மிச்சம் எங்கட.”

பக்கத்தில் சம்மாட்டியின் கயிற்றைப் பிடித்து நின்ற ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கயிற்றை விட்டுவிட்டு வந்து எங்கள் வலையை உதறத் தொடங்கினார்.

என் உள்ளங்கை உரிந்து கிடக்கிறது. இதை எழுதும்போதும் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மேசையில் குத்திய உன் கோபம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த முறைக்கும் வாறன் என்று உன் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.